பாதி பதினைந்தரை, பாதி பதினேழு

ஏழாவது தடவையும் கோணலாகத்தான் வந்தது.

இடது சிறகு புறா மாதிரி அகலமாக நிற்கிறது. வலது சிறகு குருவி மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது. முப்பத்தெட்டு வருஷமாகக் கழுத்தில் சிறகு விரித்த போ டை கட்டி வேலை பார்த்தவன் நான். கண்ணாடி பார்த்துக் கட்டியதே கிடையாது. ஓடுகிற பஸ்ஸில் கட்டியிருக்கிறேன். கரண்ட் போன நேரத்தில் கட்டியிருக்கிறேன். நூற்றிரண்டு காய்ச்சலில் கட்டியிருக்கிறேன். இன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு, ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு கட்ட வரவில்லை.

போன வாரம் இந்தக் கதையைப் படித்தவர்கள் தட்டு விழுந்ததை மறந்திருக்க மாட்டார்கள். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய விருந்து ஹால் ஒன்றில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் நான் மேஸ்திரி. எனக்குக் கீழே இருபத்திரண்டு பேர். அவர்கள் கழுத்தில் இருப்பது கொக்கி டை. முடிச்சு கடையிலேயே போட்டு வரும், பின்னால் மாட்டினால் சரி. அங்கே கையால் கட்டுகிறவன் நான் ஒருத்தன்தான். போன வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு ஆபீஸ் விருந்து. எட்டு சூப் கிண்ணம் வைத்த தட்டு என் கையிலிருந்து விழுந்தது. எனக்கு அது முதல் தடவை.

பதினாலாம் மேஜையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது வருஷமாக நான் பார்க்காத மகள். தாயில்லாப் பிள்ளையாக நானே வளர்த்தவள். சிதறியதைப் பொறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் என் மகன் வந்து குதித்தான். மேனேஜர் போன் பண்ணிச் சொன்னாராம். "போதும்பா, வீட்ல உக்காருங்க" என்றான். "நீ முதல்ல வயலின் வாசிக்கிறத நிறுத்து, அப்புறம் நான் நிறுத்துறேன்" என்றேன். ஆறு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை.

அது அவ்வளவுதான். இனி இன்றைய கதை.

என் அண்ணனுக்கு முதலில் சட்டைப் பொத்தான் போட வராமல் போனது. நாலு மாதம் கழித்து, செத்துப்போன எங்கள் அப்பா தெருமுனையில் நிற்கிறார், கூப்பிடு என்றான். முதலில் கை போனது, பிறகு கண், கடைசியில் எங்கள் பெயரெல்லாம் போனது. எனக்கு வரிசை மாறி வருகிறதோ என்னவோ. முதலில் இல்லாத ஆளைப் பார்த்துவிட்டேன். இப்போது கை.

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. டாக்டரை நம்ப மாட்டேன், மேனேஜரை நம்ப மாட்டேன், தெருவில் வழி சொல்கிறவனைக்கூட இன்னொருத்தனிடம் கேட்டுச் சரிபார்ப்பேன். நம்பியதெல்லாம் இந்த ரெண்டு கையைத்தான். அதுவே இப்படிக் காலை வாரிவிட்டால்?

வேலை போனால் போகட்டும். ஆனால் பதினாலாம் மேஜையில் அவள் நிஜமாக உட்கார்ந்திருக்க வேண்டும். கை போய்விட்டது என்றால் அவளும் பொய்.

கதவு தட்டப்பட்டது. மருமகள்.

"மாமா, டீ ஆறுது."

"ஆறட்டும்."

"கதவத் திறங்க. நான் வேணா கட்டித் தரட்டுமா?"

"நான் கட்டலேன்னு உனக்கு யார் சொன்னா?"

"அரை மணி நேரமா உள்ளேர்ந்து 'ச்சு, ச்சு'ன்னு சத்தம் வருது. பல்லியா இருந்தா துடைப்பத்தோட வந்திருப்பேன்."

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். கவுன்ட்டரில் நாள் பூராவும் நோயாளிகளோடு மல்லுக்கட்டுகிற வாய். அதனிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது.

"துணி சுருங்கியிருக்கா மாமா? நேத்துதான் அவரோடதையும் உங்களோடதையும் சேர்த்து அயர்ன் பண்ணி வெச்சேன்."

"துணியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ வேலைக்குப் போ."

"அவரும் காலைல இதே மூஞ்சியோடதான் கிளம்பினார். அப்பாவும் பிள்ளையும் ஒரே அச்சு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

டையைச் சுருட்டிக் கோட்டுப் பையில் திணித்தேன். ஒரு மணிக்கு எனக்கு ஹாலில் வேலை. மேனேஜர் இன்றைக்குக் கழுகு மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். வெறும் கழுத்தோடு போக முடியாது. எனக்கு இருந்தது ஒரே வழி. அதைச் சொல்லவே கூசுகிறது. ஒரு கொக்கி டை வாங்குவது.

தெரிந்த கடையில் வாங்க முடியுமா? ரெண்டு பஸ் மாறி, ஊரின் அந்தக் கோடியில் ஒரு கோட்டு சூட்டுக் கடைக்குப் போனேன். திருடப் போகிறவன்கூட அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயசிருக்கும். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் நாலு குண்டூசி. ஒரு பொம்மைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். என்ன வேணும்?" குண்டூசி விழாமல் பேசினார்.

"கொக்கி டை. கறுப்பு."

"யாருக்கு?"

"தெரிஞ்சவனுக்கு."

"கழுத்தளவு?"

"பதினஞ்சரை."

"தெரிஞ்சவரோட கழுத்தளவு வரைக்கும் மனப்பாடமா? நல்ல நெருக்கம்தான்."

சிலரிடம் வாயைத் திறந்தால் பூராக் கதையும் பிடுங்கிவிடுவார்கள்.

அந்தம்மா அலமாரிப் பக்கம் திரும்பியவர் நின்றார். என் கோட்டுப் பையைப் பார்த்தார். "அது என்ன, வால் தொங்குது?"

நான் கையால் மூடுவதற்குள் இழுத்துவிட்டார். என்ன கை வேகம்! டையைக் கண்ணாடி மேஜைமேல் விரித்து, விரலால் நீவினார். "பட்டு. நல்ல பழைய சரக்கு. கையால கட்டுற டை வெச்சிருக்கிறவர் எதுக்கு சார் கொக்கி..."

பேச்சு பாதியில் நின்றது. விரலும் நின்றது. டையைப் புரட்டினார். இன்னொரு தடவை புரட்டினார். குண்டூசிகளை உதட்டிலிருந்து எடுத்து வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னம்மா சிரிப்பு?"

"இத மாட்டினது யாரு சார்? இது ஒரு ஜோடியே இல்லையே!"

கையால் கட்டுகிற போ டை ஒரே துணி இல்லை. ரெண்டு பாதி. ஒன்றின் முனையில் கொக்கி இருக்கும், இன்னொன்றில் துளை இருக்கும். பின்கழுத்தில் மாட்டிக்கொள்வது. என்னுடையதை வாங்கிய அன்றைக்கு மாட்டினேன். அதற்குப் பிறகு கழற்றினதே இல்லை.

"இங்க பாருங்க. இந்தப் பாதியில பதினஞ்சரைன்னு நூல்ல தெச்சிருக்கு. இதுல பதினேழு. இது ரெண்டு விரக்கடை நீளம், அகலமும் ஜாஸ்தி. ரெண்டும் கறுப்பு, ரெண்டும் பட்டு, கண்ணுக்குத் தெரியாது. ஆனா இத வெச்சுக்கிட்டு கட்டுனா ஒரு காது யானை, ஒரு காது எலி."

பொம்மையின் கழுத்தில் கையால் கட்டுகிற போ டை ஒன்று கிடந்தது.

"அந்தப் பொம்மை கழுத்துல கிடக்குதே, அதக் குடுங்க" என்றேன்.

"அது..."

"குடுங்கம்மா. ஒரு நிமிஷம்."

கொடுத்தார். சட்டைக் காலரைத் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு முனை மேலே, மடி, இன்னொன்று சுற்றி, உள்ளே நுழை, இழு. விரல்கள் என்னைக் கேட்கவே இல்லை. அதுபாட்டுக்கு வேலையை முடித்துவிட்டு இறங்கின.

கண்ணைத் திறந்தேன். கண்ணாடியில் ரெண்டு சிறகும் ஒரே அளவு.

"தெரிஞ்சவர் நல்லாத்தான் கட்டுறார்" என்றார் கடைக்காரம்மா.

பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது. ஆம்பளை ஒருத்தன் கோட்டுக்கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தால் யாருக்கும் பயம் வரும். அந்தம்மா பயப்படாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"ஏம்மா, கை போன ஆளு இப்படிக் கட்டுவானா?"

"கை போன ஆளு இப்படிக் கட்டினா, நான் கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிடுறேன்."

என் வாழ்க்கையில் ஒருத்தர் சொன்னதை ரெண்டாவது ஆளிடம் கேட்காமல் நம்பியது அதுதான்.

பொம்மையின் டையைப் பொம்மைக்கே கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வெயில் நன்றாக இருந்தது. எதிரே வந்த ஒரு நாய்கூட நன்றாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூன்று ஸ்டாப்புக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

நாலாவது ஸ்டாப்பில் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

பதினேழு யாருடைய கழுத்து? என் மகனுடையது. அவன் அம்மா வீட்டு வகை, எருமைக் கழுத்து. இசைக்குழுவில் சேர்ந்தபோது அதே கடையில் அதே கறுப்பில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பாதி என் டையில் எப்படி வந்தது? தானாக நடந்தா வந்தது? முந்தாநாள் வரைக்கும் சரியாக இருந்தது. ஆறு நாளைக்கு முன்னால் அவன் "வீட்ல உக்காருங்க" என்றான். அவன் பெண்டாட்டி, காலங்கார்த்தாலே கதவுக்கு வெளியே நின்று "கட்டித் தரட்டுமா" என்கிறாள்.

கை போய்விட்டது என்று நானே நம்பி, நானே மூலையில் உட்கார வேண்டும். அதுதானே திட்டம்?

இருக்கும். ஏன் இருக்காது?

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, இசை அரங்கத்துக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். பதினோரு மணிக்கு அவனுக்கு அங்கே கச்சேரி. நாலு பேர் முன்னால் கேட்டால்தான் இதுகளுக்கு உறைக்கும்.

பின்வாசலில் காவலாளி மறித்தான். என் கறுப்புக் கோட்டையும் வெள்ளைச் சட்டையையும் மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்க என்ன வாத்தியம் சார்?"

"தட்டு" என்றேன்.

"சீக்கிரம் போங்க, எல்லாரும் மேடைக்குப் போயிட்டாங்க."

ஒப்பனை அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே என் மகன் மட்டும் இருந்தான். வயலின் பெட்டி மூடியே கிடந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கழுத்தில் டை. ஒரு பக்கம் புறா, ஒரு பக்கம் குருவி.

கத்துவதற்காக மூச்சை இழுத்தேன். அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன்.

வலது கையை மடியில் மல்லாக்க வைத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட்டுக்கொண்டிருந்தான். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு. திரும்பவும் ஒன்று. என் அண்ணனை டாக்டர் செய்யச் சொன்ன அதே பரீட்சை. அன்றைக்கு அந்த அறையில் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றது இவன்தான். இவனுக்கு அப்போது பதினைந்து வயசு.

இழுத்த மூச்சு அப்படியே இறங்கிவிட்டது.

"என்னடா பண்றே?"

தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான். "அப்பா! நீங்க எங்க இங்க..."

"என்ன பண்றேன்னு கேட்டேன்."

"ஒண்ணுமில்லப்பா."

"விரலை எண்றியா? அஞ்சும் இருக்கு. நீ பொறந்தப்பவே எண்ணிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. உதடு கோணியது. "காலைலேர்ந்து டை கட்ட வரலப்பா. பதினோரு தடவ பாத்துட்டேன். பெரியப்பாவுக்கும் இப்படித்தானே... எனக்கு வாசிக்கிறதத் தவிர ஒண்ணும் தெரியாதுப்பா."

"பதினோரு தடவையா? நான் ஏழோட நிறுத்திட்டேன்."

"என்ன?"

அவன் கழுத்திலிருந்து அதை உருவினேன். பையிலிருந்து என்னுடையதை எடுத்தேன். ரெண்டையும் மேஜைமேல் போட்டேன். நாலு பாதியையும் பிரித்து, எண்ணைப் பார்த்து, பதினேழைப் பதினேழோடும், பதினைந்தரையைப் பதினைந்தரையோடும் மாட்டினேன். அவனுடையதை அவன் கையில் வைத்தேன்.

"கட்டு."

"அப்பா..."

"கட்டுடா."

கட்டினான். அவன் கட்டினால் எப்போதும் கொஞ்சம் சாயும். இன்றைக்கும் சாய்ந்தது. ஆனால் ரெண்டு சிறகும் ஒரே அளவு.

கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரைப் பார்த்தேன். அதில் என்னென்னவோ எழுதியிருந்தது.

தலை நிமிர்ந்ததும் முதல் வேலையாக மருமகளுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான்.

"நேத்து டையெல்லாம் அயர்ன் பண்ணியே, கழட்டியா பண்ணே?"

"ஆமா. மாட்டின இடத்துல இஸ்திரி போகல. நாலு துண்டாக் கழட்டித் தேச்சு மாட்டி வெச்சேன். ஏன்?"

"எத எதோட மாட்டினே?"

"எதக் கேக்குறீங்க? கறுப்பும் கறுப்பும்தான். அதுல மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடுன்னு இருக்கா என்ன?"

"இருக்கும்மா" என்றேன்.

"ஐயோ, மாமா! நீங்க அங்க எப்படி?" பிறகு அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாய் திரும்ப வந்துவிட்டது. "நல்லாருக்கே! அப்பாவும் பிள்ளையும் ஆறு நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கீங்க, டையாவது ஒண்ணா இருக்கட்டும்னு சேர்த்து வெச்சுத் தேச்சேன். அது இப்படிச் சேர்ந்துக்கும்னு நான் கண்டேனா? காலைல கட்டித் தரேன்னு வந்தேனே, கதவத் திறந்தீங்களா? திறந்திருந்தா அப்பவே பாத்திருப்பேன்ல?"

"திறந்திருக்கலாம்" என்றேன்.

"இத அவர் கேட்டாரா? சாட்சிக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு, கடையில் ஆள் நிற்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் ரெண்டு பேரும் சிரித்தோம். பெரிய சிரிப்பு. யாரோ வந்து கதவில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பயம் இறங்கிய பிறகு வருகிற சிரிப்புக்கு வெட்கம் கிடையாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான்.

"அப்ப உங்க கைக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல."

"அப்ப அன்னிக்குத் தட்டு ஏன்பா விழுந்துச்சு?"

இதைக் கேட்பான் என்று நான் நினைக்கவில்லை. இனிமேல் கைமேல் பழி போட முடியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பதினாலாம் மேஜையில உங்க அக்கா உக்காந்திருந்தா. முடியக் குட்டையா வெட்டியிருந்தா. இல்லாத ஆளப் பாத்துட்டேனோன்னு காலைலேர்ந்து ஒரே குழப்பம். இப்ப இல்ல. கை சரின்னா கண்ணும் சரி. நான் பாத்தது அவளத்தான்."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அக்கா பேச்சை எடுக்கிறேன். அவன் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. வயலின் பெட்டியைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான்.

"டேய்."

"அது அவ ஆபீஸ் விருந்துதான்பா. மாற்றலாகி வந்து ரெண்டு மாசம் ஆகுது. அந்த ஹால்லன்னு தெரிஞ்சதும், போகவா வேணாமான்னு எனக்குப் போன் பண்ணா. நான்தான் போன்னு சொன்னேன். தூரத்துல இருந்து பாக்குறேன், தைரியம் வந்தா பேசுறேன்னா. நீங்க அவளப் பாத்ததும் தட்டப் போட்டுட்டீங்க. தன்னால உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துபோய் வெளியில ஓடிட்டா. ரோட்டுல நின்னு போன்ல அழுதா. எனக்கும் பெரியப்பா ஞாபகம் வந்துடுச்சு. அந்தப் பயத்துலதான் உங்ககிட்டக் கத்தினேன்."

"மேனேஜர் போன் பண்ணாருன்னியே?"

"மேனேஜர் நம்பரே என்கிட்டக் கிடையாதுப்பா."

ஆக, என் முதுகுக்குப் பின்னால் சதி நடந்தது உண்மைதான். நான் மோப்பம் பிடித்ததில் தப்பில்லை. எதற்கான சதி என்பதில்தான் மூக்கு ஏமாந்துவிட்டது.

மணி அடித்தது. அவன் வயலினை எடுத்துக்கொண்டான். கோட்டின் உள்பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். அது ஆறு நாளாகப் பையிலேயே இருந்து மடிப்பு விழுந்திருந்தது.

"ரெண்டு வாங்கினேன். ஒண்ணு அவகிட்ட இருக்கு. மூணாவது வரிசை, ஓரத்துல உக்காந்திருக்கா. இது அவளுக்கு அடுத்த சீட்டு. உங்ககிட்டக் குடுக்க வாய் வரல." கதவு வரைக்கும் போய்த் திரும்பினான். "பக்கத்துல யாருன்னு அவளுக்குத் தெரியாதுப்பா."

போய்விட்டான்.

அவள் கல்யாணத்தன்றைக்கும் நான் இதே டையைத்தான் கட்டியிருந்தேன். அவள் பிடித்த பையனை நான் நம்பவில்லை. யாரைத்தான் நம்பினேன்? மண்டபத்து வாசலில், எல்லார் கண் முன்னாலும், கழுத்திலிருந்து இதை உருவி, இனி எனக்கு மகள் இல்லை என்று அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மறுநாள் தபாலில் டை மட்டும் வந்தது. அவள் வரவில்லை.

மேஜைமேல் பதினைந்தரை கிடந்தது. எடுத்தேன். கண்ணாடி பக்கம் போகவில்லை. நடந்துகொண்டே கட்டினேன்.

அரங்கத்துக்குள் விளக்கை அணைத்திருந்தார்கள். மேடையில் மட்டும் வெளிச்சம். மூன்றாவது வரிசை ஓரத்தில், குட்டையாக வெட்டிய முடி, அவள் அம்மாவைப் போல ஒரு பக்கம் சாய்த்த கழுத்து. என் சீட்டுக்குப் போக அவள் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மேடையைப் பார்த்தபடியே காலை ஒதுக்கிக்கொண்டாள். நான் நகரவில்லை. யார் இது மறைத்துக்கொண்டு என்று நிமிர்ந்தாள். இருட்டில் என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது.

மேடை வெளிச்சம் என் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.